ஐயாசாமி செய்யாமல் விட்ட பரிசோதனை

கோபிசெட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் ஐயாசாமி லேப் வைத்திருந்தார். ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், மூலையில் உறுமிக்கொண்டே இருக்கும் சின்ன ஃப்ரிட்ஜ், வெளியே ஒரு மர பெஞ்சு. அவ்வளவுதான் லேப். ஆனால் 1991இல் அந்த ஊரில் யார் யாருக்குச் சர்க்கரை வியாதி, அதை வீட்டுக்குத் தெரியாமல் மறைப்பவர்கள் யார் யார் என்பதெல்லாம் அவரைப்போல அறிந்தவர் வேறு யாருமில்லை. நீல மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீரை விட்டுக் காய்ச்சுவார். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று மாறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால், அந்த ஆளின் சாப்பாட்டுத் தட்டு அன்றோடு மாறிவிட்டதென்று அர்த்தம். எந்த நிறம் வந்தாலும் ஐயாசாமி வாயைத் திறந்து சொல்ல மாட்டார். எழுதி, மடித்து, "டாக்டரைப் பாருங்க" என்று கையில் கொடுப்பார்.

அவருடைய அப்பாவுக்கு இந்தத் தொழில் கடைசிவரை பிடிக்கவில்லை. "நெல்லும் வாழையும் வெளையற பூமியில பொறந்துபோட்டு, ஊரு மூத்தரத்தைக் காய்ச்சிப் பொழைக்கறான்" என்பார். ஐயாசாமி லேப் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

முப்பதாவது வயசில் அவருக்குத் துளசிமணியைக் கட்டிவைத்தார்கள். மேட்டுப்பாளையத்துக்காரி. அவளுடைய அப்பா உருளைக்கிழங்கு மண்டியில் தொண்டை கிழிய ஏலம் கூறுகிறவர். மகளுக்கும் அதே தொண்டை. பேசாத மாப்பிள்ளைக்குப் பேசுகிற பெண் பொருத்தம்தான் என்று ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

துளசிமணி முழுகாமல் இருந்தபோது, மூன்றாம் மாதத்தில் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா சிறுநீர் பார்க்கச் சொன்னார். ஐயாசாமியே பார்த்தார். நீலம். அதோடு சரி. ஏழாம் மாதத்திலிருந்து அவளுக்குத் தாகம் எடுத்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். சித்திரை வெயில் என்றார்கள். வயிறு மாதத்துக்கு மீறிப் பெருத்தது. நல்லதுதான் என்றார்கள். மாமியார் பாப்பாயி, "ரெண்டு உசுருக்கும் சேத்துச் சாப்பிடோணும் கண்ணு" என்று சோறும் பழமுமாக ஊட்டினாள். ஐயாசாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இதே தாகத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து வேறொருவர் சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷம் ஊசியை எடுத்திருப்பார். வீட்டுக்குள் அவருக்கு அது தோன்றவே இல்லை.

ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை ஆண் குழந்தை பிறந்தது. நாலு கிலோ நானூறு கிராம். ஆஸ்பத்திரி ஆயா அறை அறையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கன்னம் சரிந்து, தோள் திரண்டு, மூன்று மாதப் பிள்ளையைப் போல இருந்தான். பார்க்க வந்தவர்கள் கண் பட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டே மாறி மாறித் தூக்கினார்கள். சீம்பால் ஆகாதென்று பிழிந்து கொட்டினார்கள். குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்ததோடு சரி. அவன் தூங்கினான். நல்ல பிள்ளை, அழவே மாட்டேங்கறான் என்றார்கள்.

மத்தியானம் அவன் கைகள் நடுங்கின. குளிருது போல என்று பாப்பாயி இன்னொரு துணியைச் சுற்றினாள். நாலு மணி வாக்கில் கண் செருகி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டரம்மா ஓடிவந்து பார்த்தவர், "கோயமுத்தூருக்குக் கொண்டு போங்க, ஒரு நிமிஷம் நிக்காதீங்க" என்றார். வாடகைக் காரின் பின் சீட்டில் மகனை மடியில் வைத்துக்கொண்டு ஐயாசாமி போன அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி அவர் பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை.

கோயமுத்தூரில் குழந்தை டாக்டர் சீனிவாசலு முதல் காரியமாகக் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பரிசோதனைத் துண்டில் வைத்தார். துண்டு நிறமே மாறவில்லை. குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை இருபதுக்கும் கீழே கிடந்தது. டிரிப் ஏற்றினார்கள். இழுப்பு நின்றது. ஆனாலும் ரொம்ப நேரம் கடந்துபோயிருந்தது. மறுநாள் உச்சிப்பொழுதில் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

டாக்டர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஊட்டுக்காரம்மாவுக்குச் சுகர் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"கடைசி மூணு மாசத்துல டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?"

"மூணாம் மாசம் மூத்தரத்துல பாத்ததோட சரிங்க."

"நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"லேப் வெச்சிருக்கறனுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தாழ்ந்த குரலில் பேசினார். "கோபின்னா வாய்க்கா பாசனமுங்களே? வாய்க்கா நெறையத் தண்ணி வருதுன்னு மூணு மோட்டார் வெச்சு எறைக்கறீங்கன்னு வெச்சுக்குங்க. திடுதிப்புனு மதகை அடைச்சுட்டாங்க. மோட்டாரை நிறுத்த ஆளில்லை. என்ன ஆகும்?"

"வாய்க்கா காஞ்சு போகுமுங்க."

"அதேதான். அம்மா ரத்தத்துல இருக்கற சர்க்கரை கொடி வழியாக் குழந்தைக்குப் போயிட்டே இருந்துச்சு. அதைச் சமாளிக்கக் குழந்தையோட உடம்பு இன்சுலினை அள்ளி அள்ளிச் சொரந்துச்சு. அதனாலதான் அத்தனை எடை. பொறந்ததும் கொடியை வெட்டியாச்சு, சர்க்கரை நின்னுபோச்சு. ஆனா இன்சுலின் நிக்கலை. இருந்த கொஞ்சத்தையும் தின்னுபோட்டுது. பொறந்த உடனே பால் குடுத்து, மணிக்கு மணி சர்க்கரையைப் பாத்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்." ஐயாசாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "உங்க மேல தப்புன்னு சொல்ல வரலைங்க. நெறைய டாக்டருங்களே இதைப் பாக்கறதில்லை. அடுத்த தடவை மூத்தரத்தை மட்டும் நம்பாதீங்க. ஆறாம் மாசம் எழுபத்தஞ்சு கிராம் குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்து, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தத்துல பாருங்க. நூத்திநாப்பதைத் தாண்டுனா வைத்தியம் பண்ணோணும்."

பத்து நாள் கழித்து ஐயாசாமி துளசிமணியின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். சர்க்கரை சரியாகவே இருந்தது. கர்ப்பத்தோடு வந்தது, பிரசவத்தோடு போய்விட்டது. போகும்போது பிள்ளையையும் கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு அவளிடம் எதையும் மறைக்காமல் சொன்னார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. "ஊருல அத்தனை பேருக்கும் பாத்தீங்க. எனக்கு மட்டும் பாக்கோணும்னு தோணவே இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அவளுடைய அப்பா வந்து மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிப்போனார்.

ஐயாசாமி தினமும் லேப்பைத் திறந்தார், மூடினார். ஒருநாள் சட்டையை மாற்றிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய், இனிமேல் ஆறாம் மாதத்துப் பெண்கள் எல்லோருக்கும் இந்தக் குளுக்கோஸ் பரிசோதனையைச் செய்யலாமா என்று கேட்டார்.

"இவங்க மாசாமாசம் வர்றதே பெரிசு ஐயாசாமி. வெறும் வயித்துல வா, ரெண்டு மணி நேரம் உக்காருன்னு சொன்னா வர்றதையே நிறுத்திருவாங்க."

வேறொரு நாளாக இருந்தால் அவர் எழுந்து வந்திருப்பார். எழவில்லை. "என்ற பையன் நாலு கிலோ நானூறுன்னு உங்க ஆயா அறை அறையாப் போய்ச் சொன்னாங்க. அப்பவே நம்ம ரெண்டு பேருக்கும் ஒறைச்சிருக்கோணுமுங்க" என்றார்.

டாக்டரம்மா மேஜையிலிருந்த பரிசோதனைச் சீட்டுக் கட்டை எடுத்தார். "செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அனுப்பறேன்."

அனுப்பினார். ஆனால் முதல் சில வாரங்கள் ஐயாசாமிக்குத் தோல்விதான். வந்தவர்களில் ஒருத்தி முதல் வாயிலேயே வாந்தி எடுத்தாள். இன்னொருத்தி அரை மணியில் எழுந்து போய்விட்டாள். "என்னைச் சக்கரை வியாதிக்காரின்னு பேரு கட்டியுட்டுருவீங்க, எனக்கு வேண்டாமுங்" என்று சந்து முனையிலிருந்தே திரும்பியவர்களும் உண்டு. எதற்காக இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று கேட்டால், "டாக்டரம்மா சொன்னாங்க" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லப் போனால் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவரால் ஆகவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, உள்ளே குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தவருக்கு வெளியே பழக்கமான குரல் கேட்டது.

"எங்கீங்க அக்கா கெளம்பிட்டீங்க?"

"அந்தியூர் பஸ்ஸு போயிருமுங்க."

"அடுத்த பஸ்ஸு வரும். உக்காருங்க. நான் சொல்றதைக் கேட்டுப்போட்டு அப்பறம் போங்க."

துளசிமணி. செவ்வாய்க்கிழமைப் பரிசோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து இறங்கியவள், வீட்டுக்குப் போகாமல், கையில் பையோடு நேராக லேப்புக்கு வந்திருந்தாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தாகம் எடுத்தது, எல்லோரும் வயிற்றைப் பார்த்து மெச்சியது, பிள்ளையின் கை நடுங்கியது, பிள்ளையில்லாமல் திரும்பி வந்த கார். உள்ளே தண்ணீர்க் குழாயை மூடக்கூட மறந்து ஐயாசாமி நின்றார். அவள் அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் ஓர் இடத்தில்கூடத் தாழவில்லை. அந்தியூர்க்காரப் பெண் இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம்வரை துளசிமணி அவரோடு பேசவில்லை. லேப்பைப் பூட்டும்போதுதான் சொன்னாள்: "வெறும் சக்கரைத் தண்ணியைக் குடுத்தா எவ குடிப்பா? அடுத்த வாரத்துக்கு எலுமிச்சம்பழம் வாங்கியாங்க."

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகள் அவள் பொறுப்பாயின. எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரை மெதுவாகக் குடிக்கவைப்பாள். கூட வந்த மாமியார்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவாள். சந்தேகப்படும் புருஷன்மார்களைக் கோபித்துக்கொள்வாள். நூறு பேருக்குப் பார்த்தால் ஆறேழு பேருக்கு நூற்றுநாற்பதைத் தாண்டியது. டாக்டரம்மா முதல் வருஷத்தில் அப்படி ஒன்பது பேருக்கு வைத்தியம் பார்த்தார். ஒன்பது குழந்தைகளும் நல்லபடியாகப் பிறந்ததும், யாரும் கேட்காமலேயே அவர் இன்னொரு கட்டுச் சீட்டு அச்சடித்துக்கொண்டார்.

1994இல் துளசிமணி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். நாலாம் மாதம் பார்த்ததில் ஒன்றுமில்லை. ஆறாம் மாதம், மற்றப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து தானும் ஒரு டம்ளர் குடித்தாள். ஐயாசாமி அந்த ரத்தத்தை இரண்டு தடவை சோதித்தார். இரண்டு தடவையும் நூற்றெழுபத்தெட்டு. எழுதினார். மடித்தார். அவளிடம் நீட்டினார்.

"பொண்டாட்டிக்குமா மடிச்சுக் குடுப்பீங்க? வாயைத் தொறந்து சொல்லுங்க."

சொன்னார்.

அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சரி. இப்பவே தெரிஞ்சுபோச்சில்லீங்க. போன தடவை தெரியாமத்தானே போச்சு."

அன்றிலிருந்து மூன்று வேளைச் சோறு ஒரு வேளையானது. ராகிக் களியும் கீரையும் பச்சைப்பயறும் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளைக்குப் பிரிந்தன. சாயங்காலங்களில் வாய்க்கால் மேட்டில் இருவரும் நடந்தார்கள். பாப்பாயி ஒருநாள் அடுப்படியில் கரண்டியோடு நின்றுகொண்டு, "அப்ப நான் ஊட்டுனதுதானா கண்ணு என்ற பேரனைக் கொண்டுபோச்சு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உடைந்து அழுதாள். துளசிமணி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லீங்க அத்தை. சில பேருக்கு முழுகாம இருக்கும்போது உடம்பே அப்பிடி ஆயிருது. நஞ்சுக்கொடி பண்ற வேலை. நீங்க ஆசையாத்தான் போட்டீங்க. இப்பக் கொஞ்சூண்டு கம்மியாப் போடுங்க, போதும்."

சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் மட்டும் சர்க்கரை இறங்கவில்லை. இன்சுலின் போடச் சொன்னார் டாக்டரம்மா. லேப்பில் ஃப்ரிட்ஜ் இருந்ததால் மருந்து வைக்க இடம் தேடவேண்டியதில்லை. ஆனால் ஊசியை எடுத்த ஐயாசாமியின் கை நின்றுவிட்டது. ஊரில் பாதிப் பேரைக் குத்தியவர், மனைவியின் தொடையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அக்கட்டத் தள்ளுங்க" என்று துளசிமணி ஊசியை வாங்கித் தானே போட்டுக்கொண்டாள். "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லை. இதுக்கா இந்த முழி முழிச்சீங்க?" காலையும் மாலையும், மூன்று மாதம், ஒரு வேளைகூட அவள் தவறவில்லை.

பிரசவத்தைக் கோயமுத்தூரில், சீனிவாசலு டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம். எடையை ஐயாசாமி இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

குழந்தைகள் பிரிவில் ஜன்னத் என்று ஒரு சிஸ்டர் இருந்தார். உக்கடத்துக்காரர். நடையே ஓட்டமாக இருக்கும். பிறந்த அரை மணிக்குள் குழந்தையைத் துளசிமணியின் மார்பில் போட்டார். பாப்பாயி, "சீம்பாலுங்களே சிஸ்டரு..." என்று இழுத்தாள்.

"அதுதானுங்கம்மா இவளுக்கு இப்ப மருந்தே. ஒரு சொட்டு கீழ போகப்படாதுங்க."

ஒரு மணி நேரம் ஆனதும் ஜன்னத் குதிகாலில் குத்தி, ரத்தத்தைத் துண்டில் வைத்து, கடிகாரம் பார்த்துத் துடைத்து, இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்தார். பிறகு டப்பாவின் மேலிருந்த நிற வரிசையோடு சேர்த்து ஐயாசாமியிடம் நீட்டினார். "நீங்க லேப்காரருன்னு டாக்டர் சொன்னாருங்க. உங்களுக்கு எப்பிடித் தெரியுது?"

வெளிறிய நீலம். "நாப்பத்தஞ்சு இருக்குமுங்க."

"எனக்கும் அப்பிடித்தான் தெரியுது. பரவால்லைங்க, தேறிடும்."

மூன்றாவது மணி நேரத்தில் குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. துணியை விலக்கிப் பார்த்தார் ஜன்னத். இரண்டு கைகளும் மெல்ல நடுங்கின. ஐயாசாமிக்கு அந்த நடுக்கம் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்பு அதன் மேல் ஒரு துணியைச் சுற்றியதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர். இந்தத் தடவை துண்டில் நீலம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. முப்பது. அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஜன்னத் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு விரல் பருமன்கூட இல்லாத அந்த மணிக்கட்டில் ஊசி ஏறியது. டிரிப் சொட்டத் தொடங்கியது. துணியை விலக்கியதிலிருந்து எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஐயாசாமி துளசிமணியின் அறைக்குப் போனார். வழி நெடுக என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்தார். வாசலில் நின்றதும் யோசித்தது எல்லாம் மறந்துவிட்டது.

"பாப்பாவுக்குச் சக்கரை எறங்கிப்போச்சு. கை நடுங்குது. டிரிப் போட்டிருக்காங்க."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நடுங்குதுன்னு யாரு பாத்தா?"

"ஜன்னத் சிஸ்டரு."

"பாத்துப்போட்டு எத்தனை நேரத்துல போட்டாங்க?"

"ஒடனே."

துளசிமணி கண்ணை மூடித் திறந்தாள். "அப்பப் பொழைச்சுக்குவா. பாலாடை ஒண்ணு வாங்கியாங்க. நான் பாலைப் பீச்சித் தாரேன், கொண்டு போய்க் குடுங்க."

அந்தப் பாலாடைக் கிண்ணத்தை அவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடைக்கூடத்தில் நடந்ததைப் பார்த்து, எதிரே வந்த ஆயா ஒதுங்கி வழிவிட்டாள். ஜன்னத் அதைக் குழந்தையின் உதட்டோரம் சாய்த்து, நக்க நக்கக் கொடுத்தார். சாயங்காலம் நாற்பத்தெட்டு. மறுநாள் காலையில் துண்டில் நீலம் நன்றாகப் பிடித்திருந்தது. அறுபத்தைந்து. டிரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள். அன்றைக்குக் குழந்தை முதன்முதலாகப் பசிக்கு வீறிட்டு அழுதது. ஐயாசாமி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். குரலைக் கேட்ட பாப்பாயி, "மண்டியில ஏலம் உடற தொண்டையேதான் இது" என்றாள். மழையில் பிறந்தவளுக்கு வர்ஷினி என்று பேர் வைத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் அன்று சீனிவாசலு டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பினார். துளசிமணிக்கு இப்போது சர்க்கரை போய்விட்டாலும், வயசு ஏற ஏறத் திரும்பி வரக்கூடும், வருஷம் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று. அவள் பார்த்துக்கொள்கிறாள். மடித்த சீட்டெல்லாம் கிடையாது. முடிவு வந்ததும் ஐயாசாமி உள்ளேயிருந்து சத்தமாக எண்ணைச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் பெஞ்சில் இருப்பவர்களோடு அவர் இரண்டு வார்த்தை பேசவும் செய்கிறார். மகனைப் பற்றியும் சொல்கிறார், கேட்டால்.

1997இல் ஒரு செவ்வாய்க்கிழமை பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, முதல் கர்ப்பம், நூற்றறுபது என்று கேட்டதும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். துளசிமணி தன் மகள் பிழைத்த கதையைச் சொல்லி அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது பெஞ்சுக்கு அடியில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தால் வர்ஷினி. இரண்டரை வயசு. குளுக்கோஸ் பாக்கெட்டைக் கிழித்து, முழங்கைவரை மாவாக, ஒவ்வொரு விரலாக நக்கிக்கொண்டிருந்தாள்.

"அட, உன்னை...!" என்று துளசிமணி பாய்ந்தாள். பிள்ளை பாக்கெட்டோடு சந்தில் ஓடியது. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஐயாசாமி கையில் குழாயோடு வெளியே வந்து, பிடிக்கத் தெரியாமல் நின்றார். அழுதுகொண்டிருந்த பெண், "இதுங்களா அந்தப் பாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க, இதேதான்" என்றார் ஐயாசாமி.

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள்.